மனசை எங்கே வைத்திருக்கிறோம்? பிராய்டின் ‘கதெக்சிஸ்’: ஓர் எளிய விளக்கம்

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி அது. எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். உறவுக்காரர்களில் பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். ஒன்பது மணி வாக்கில் ஆச்சி எழுந்துபோய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். பிசானப் போக நெல்லுக்கு ராத்தண்ணி பாய்ச்சிவிட்டு மம்பட்டியோடு வருகிற தாத்தா, கால் கழுவுவதற்கான வெந்நீர். பக்கத்தில் அவருடைய பித்தளைச் செம்பு. நாற்பது வருஷமாக அந்த நேரத்துக்கு நடக்கிற காரியம். அம்மா ஓடிப்போய், “என்னம்மா செய்யுத?” என்றாள். “அவிய வார நேரமாச்சுலா” என்றாள் ஆச்சி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. செம்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு அத்தை வந்து ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “போனவிய போயிட்டாவ மைனி. மனச எடுத்துப் பேரப்பிள்ளைய மேல வையிங்க.”

அத்தை அன்பாகத்தான் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு பாதி, உளப்பகுப்பாய்வு நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவருவது. மறு பாதி பெரிய தவறு. உளப்பகுப்பாய்வு என்பது வியன்னாவில் மருத்துவராக இருந்த சிக்மண்ட் பிராய்ட் (1856–1939) தொடங்கிவைத்த முறை: ஒருவரைத் தடையில்லாமல் பேசவிட்டு, அவருக்கே தெரியாமல் அவர் மனதுக்குள் நடப்பதைத் தேடுவது. அதன் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று, மனிதர்கள்மேல், பொருள்கள்மேல், எண்ணங்கள்மேல் நாம் வைக்கிற உணர்வின் ஆற்றல் பற்றியது. கதெக்சிஸ் என்பது அதன் கலைச்சொல்.

இதை எழுதக் காரணம் உண்டு. மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் பேசுவது என் வேலை. ‘எனர்ஜி’ என்ற சொல் விழாத நாள் இல்லை. “அவங்கமேல எமோஷனல் எனர்ஜியை வேஸ்ட் பண்ணாதீங்கன்னு சொல்றாங்க சார், எப்படி நிறுத்தறது?” என்று கேட்கிறார்கள். குழாயை மூடுகிற மாதிரி மூடிவிடலாம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முடியாதபோது குற்றம் தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குற்றவுணர்ச்சி தேவையில்லாதது.

துண்டு போட்ட சீட்

பிராய்ட் பயன்படுத்திய ஜெர்மன் சொல் ‘பெசெட்சுங்’. சாதாரணமான, தெருவில் புழங்குகிற சொல். ஓர் இடத்தை ஆள் வந்து நிரப்புவது, பிடித்துக்கொள்வது என்று பொருள். படை ஓர் ஊரைப் பிடித்து உட்கார்ந்துகொண்டாலும் அதே சொல்தான், நாடகத்தில் இன்ன வேஷத்துக்கு இன்னார் என்று ஆள் நிரப்பினாலும் அதே சொல்தான்.

நமக்கு இதை விளக்கத் திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டே போதும். தீபாவளிக்கு முந்தின நாள், தென்காசி பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிறோம். அந்த நொடி வரை அது வெறும் சீட். துண்டு விழுந்ததும் ‘ஆள் இருக்கிற’ சீட். இரும்பும் ரெக்சினும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனாலும் வேறு ஒருவர் அதில் உட்கார்ந்தால் நமக்குக் கோபம் வருகிறது, துண்டைக் கீழே போட்டிருந்தால் நம்மையே தள்ளிவிட்டதுபோல் இருக்கிறது. உலகத்தில் இருக்கிற ஒன்று, நம்முடையது ஏதோ அதன்மேல் கிடப்பதால் மட்டும், நமக்கு வேறாகிவிடுகிறது.

பிராய்ட் சொன்னது இதைத்தான், மனதைப் பற்றி. ஒரு முகம், ஒரு வீடு, ஒரு கொள்கை எல்லாமே மனதுக்குள் ஒரு நினைவாக, ஒரு படமாக இருக்கின்றன. சில படங்கள் காலி சீட். சிலவற்றில் துண்டு கிடக்கிறது.

ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி என்பவர் 1922இல் இந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது, கிரேக்க வேரிலிருந்து ‘கதெக்சிஸ்’ என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார். பிராய்டுக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை, தேவையில்லாத கலைச்சொற்கள் அவருக்குப் பிடிக்காது. வீட்டுப் பேச்சாக இருந்த சொல் அன்றைக்கு மருத்துவமனைச் சொல்லானது. இன்றுவரை நீடிக்கிற குழப்பத்தில் பெரும்பங்கு இந்தப் பெயர் மாற்றத்துக்கு உண்டு என்பது என் எண்ணம்.

‘வை’ என்கிற வினைச்சொல்

தமிழில் நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கவனித்துப் பாருங்கள். பாசம் வைக்கிறோம். ஆசை வைக்கிறோம். நம்பிக்கை வைக்கிறோம். கண் வைக்கிறோம். “அந்தப் பய மேல உசிரையே வச்சிருக்கா” என்கிறோம். உணர்ச்சியை நாம் ‘அடைவது’ குறைவு, ‘வைப்பது’தான் அதிகம். எங்கிருந்தோ எடுத்து, எதன்மேலோ வைக்கிறோம். பேங்கில் போடுகிற பணத்துக்கும் அதே சொல்தான்: வைப்புத்தொகை. அதனால் இந்தக் கட்டுரையில் கதெக்சிஸை ‘மனவைப்பு’ என்றே சொல்லப்போகிறேன்.

‘பற்று’ என்று சொல்லக் கூடாதா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பற்று என்றால் நம் காதில் உடனே ‘விட வேண்டியது’ என்ற தொனி வந்துவிடுகிறது, துறவைப் பேசுகிற நம் மரபு அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு நிறத்தைக் கொடுத்துவிட்டது. மனவைப்பில் நல்லது கெட்டது கிடையாது. மனவைப்பே இல்லாத மனது விடுதலை பெற்ற மனது ஆகாது. அம்மா முகத்துக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாத மனது அது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மனவைப்பு என்பது, மனதில் இருக்கிற ஒரு படத்தின்மேல் நம் உணர்வின் ஆற்றல் போய் உட்கார்ந்திருப்பது. அந்த ஆற்றலின் கணக்கு எப்படி என்பது அடுத்தது.

கால்வாய்க் கணக்கு

பாபநாசம் அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று பேப்பரைப் பிரித்ததும் பார்ப்பது எங்கள் பக்கத்து விவசாயிகளின் வழக்கம். முழு உயரம் 143 அடி. அந்த எண்ணைப் பார்த்துத்தான் கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா, பிசானம் கரை சேருமா என்பதெல்லாம். தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு. மேமடையில் கூடுதலாகத் திருப்பினால் கடைமடையில் பயிர் வாடும். ஒரு வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் காணாமல் போகாது, பக்கத்து வயலுக்குள் ஏறும், இல்லையென்றால் கரையை உடைக்கும்.

உணர்வின் ஆற்றலும் இப்படித்தான் நடந்துகொள்கிறது என்பது பிராய்டின் எண்ணம். 1894இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், மனதில் அளவு என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது, அது கூடும், குறையும், இடம் மாறும், ஒரு பொருளின் மேற்பரப்பில் மின்சாரம் படர்வதுபோல நினைவுகளின்மேல் படரும் என்றார். 1905இல் நேராக ஆற்றுக்கே வந்துவிட்டார்: முதன்மை ஓட்டம் அடைபட்டால் அது பக்க வாய்க்கால்களில் போய் நிரம்பும் என்று எழுதினார். அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் மம்பட்டி நினைவுக்கு வந்தது.

இந்த ஆற்றலில் அன்பு, ஆசை, காமம் சார்ந்த பங்குக்கு அவர் வைத்த பெயர் ‘லிபிடோ’. காமம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளைமேல் வைக்கிற பாசம், நட்பு, தன்மேலேயே வைத்துக்கொள்கிற விருப்பம் எல்லாவற்றையும் அந்தச் சொல்லுக்குள்தான் அவர் அடக்கினார்.

அளவு உண்டு என்பதற்கு அவர் 1914இல் சொன்ன சான்று பல்வலி. அதை எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் நான் கண்ணால் பார்த்தேன். சுடலைமாடசாமி கொடை என்றால் என் மாமாவுக்கு மூன்று நாள் தூக்கம் கிடையாது. கணியான் ஆட்டத்தில் மகுடப் பறையின் சத்தம் எழும்பினால் முன்வரிசையில் அவர்தான் நிற்பார். அந்த வருஷம் கடைவாய்ப் பல் சொத்தை. கோயிலுக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், கிராம்பைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். படைப்புக்குக் கூப்பிடப் போன என்னிடம் சொன்னார்: “எல்லாஞ் சத்தமாத்தான் இருக்கு மருமவனே. எனக்கு ஒண்ணுங் கேக்கல.”

காது நன்றாகத்தான் இருந்தது. கேட்பதற்கு வேண்டிய ஆற்றல்தான் அங்கே இல்லை, எல்லாத் தண்ணீரும் ஒரு பல்லுக்குத் திரும்பியிருந்தது. உடம்பு வலிக்கும்போது மனிதன் வெளியே வைத்ததையெல்லாம் தன்னிடமே இழுத்துக்கொள்கிறான், குணமானதும் திரும்ப வெளியே அனுப்புகிறான் என்றார் பிராய்ட். அவர் காட்டிய படம் அமீபா: உடம்பிலிருந்து போலிக்கால்களை நீட்டும், பிறகு உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ச்சல்காரர் வீட்டில் “என்மேல பாசமே இல்லாமப் போச்சு” என்று கோபப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். போலிக்கால் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

தூக்கமும் அப்படித்தான். ராத்திரி கண்ணாடியைக் கழற்றி, பல்செட்டைக் கழற்றி வைப்பதுபோல, மனதும் தான் உடுத்தியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கிறது என்று பின்னர் ஓரிடத்தில் எழுதினார்.

காதல் நேர் எதிர். தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒருவர்மேல் வைத்துவிட்டு, தனக்கென்று ஒன்றும் மிச்சமில்லாமல் நிற்கிற நிலை. காதலில் விழுந்த பையன் தன்னை ஒன்றுமில்லாதவனாகவும் அவளைத் தேவதையாகவும் பார்ப்பதற்கு இதுதான் கணக்கு. அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் போதும், வாய்க்காலில் தண்ணீர் திரும்பிவிடும்.

யார்மேல், எதன்மேல்

மனவைப்பைப் பெறுகிற எதையும் உளப்பகுப்பாய்வில் ‘இலக்கு’ எனலாம். ஆளாகவும் இருக்கலாம், பொருளாகவும் இருக்கலாம், கொள்கையாகவும் இருக்கலாம்.

பொருளுக்குப் பிராய்டே நல்ல உதாரணம். பழங்காலச் சிலைகளும் கலங்களும் 2,000க்கு மேல் சேர்த்திருந்தார். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டனுக்குப் போனபோது அவையும் கூடவே போயின. அவருடைய மேசையில் நம் நாட்டுப் பொருள் ஒன்றும் உண்டு. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு, 1931இல், தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலை ஒன்றை அனுப்பியது. ‘கதெக்சிஸ்’ என்ற சொல் பிறந்த அதே வருஷத்தில் இந்தியாவில் அந்தச் சங்கமும் பிறந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி.

குழந்தைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆச்சியின் பழைய நூல்சேலைக் கிழிசல் ஒன்று இல்லாமல் தூங்காத பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். டொனால்ட் வினிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் 1951இல் இதைப் பற்றி விரிவாகப் பேசினார். அந்தத் துணி அம்மாவும் இல்லை, வெறும் துணியும் இல்லை. அம்மாமேல் வைத்ததில் ஒரு பங்கைப் பிள்ளை அதன்மேல் வைத்து, அம்மா இல்லாத நேரத்தைத் தாங்கிக்கொள்கிறது. அழுக்காக இருக்கிறதே என்று துவைத்துப்போட்டால் வீடே இரண்டுபடும். மணம் போய்விட்டால், வைத்த இடமே போய்விட்டது மாதிரி.

இனி, பலரும் தவறவிடுகிற இடம். மனவைப்பு என்றால் அன்பு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிராய்ட் பெரும்பாலும் லிபிடோவைத்தான் பேசினார். அவருக்குப் பின்வந்தவர்கள் பகையிலும் அதே அளவு மனவைப்பு உண்டு என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

எங்கள் ஊரில் ஓர் அண்ணன் தம்பி. வரப்புத் தகராறு. இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டுக்கு நடந்தார்கள். தம்பி காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அண்ணன் வீட்டு வாசலைத்தான். அண்ணன் என்ன உரம் வாங்கினான், யார் வீட்டுக் கல்யாணத்தில் முன்னால் உட்கார்ந்தான், எல்லாம் அவருக்குத் தெரியும். சொந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் யோசிப்பார். அண்ணன் இறந்தார். கேஸ் தம்பி பக்கம் முடிகிற நேரம் அது. மனிதர் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. வக்கீல் கொடுத்த கட்டின் நூலைக்கூடப் பிரிக்கவில்லை. தம்பி மனசில் அண்ணனே இல்லை என்று ஊர் நினைத்திருந்தது. அண்ணனைத் தவிர வேறு யாருமே இல்லாமல் இருந்திருக்கிறது.

மனவைப்புக்கு எதிர்ப்பதம் வெறுப்பு இல்லை. ஒன்றுமில்லாமை. ‘அவரா? யாரு?’ என்று உண்மையாகவே கேட்க முடிவது.

படித்துறையில் அமுக்கின குடம்

வேண்டாத எண்ணத்தை மறந்துவிடலாம், அதற்கு ஆற்றல் செலவில்லை என்று நினைக்கிறோம். தாமிரபரணிப் படித்துறையில் இறங்கி, காலிப் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். உள்ளே போகும். கையை எடுத்தால் மேலே குதிக்கும். மேலே வராமல் இருக்க வேண்டுமென்றால் கை அங்கேயே இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் குடம் தெரியாது. அசையாமல் நிற்கிற ஓர் ஆள்தான் தெரிவார். அவர் தோள் எவ்வளவு வலிக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

தாங்க முடியாத ஓர் எண்ணத்தை நினைவுக்கு வராமல் தள்ளிவைப்பது ‘ஒடுக்கம்’. ஒருமுறை செய்து முடிகிற காரியமில்லை அது, ஓயாத செலவு என்று 1915இல் எழுதினார் பிராய்ட். அந்தச் செலவுக்கு ‘எதிர்வைப்பு’ என்று பெயர்: மேலே வர முட்டுகிற எண்ணத்துக்கு எதிராக வைக்கிற ஆற்றல். “ஒரு வேலையும் செய்யல, ஆனா சாயங்காலத்துக்குள்ள அசந்துபோறேன்” என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வரும். உடம்பில் ரத்தசோகையோ தைராய்டோ இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லுவேன், அது முதல் வேலை. அதன் பிறகு, எந்தக் குடத்தை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று மெதுவாகப் பேசத் தொடங்குவோம்.

சேர்த்துப் பார்த்தால்: ஆற்றலுக்கு அளவு உண்டு. ஆள், பொருள், எண்ணம், பகை எதன்மேலும் அது போய் உட்காரும். ஒன்றைத் தள்ளிவைக்கவும் அதிலிருந்தே செலவாகும். இப்போது ஆச்சியிடம் திரும்பலாம்.

வைத்ததை எடுப்பது

1915இல் எழுதி 1917இல் வெளியான ‘துக்கமும் மனச்சோர்வும்’ என்ற கட்டுரையில் பிராய்ட் கேட்ட கேள்வி எளிமையானது. இழப்பு நடந்துவிட்டது, ஆள் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு ஏன் துக்கத்துக்கு இவ்வளவு நாள்?

அவர் பதில்: நாம் மனதை வைத்தது ஓர் ஆளின்மேல் மொத்தமாக இல்லை. அந்த ஆளோடு சேர்ந்த ஆயிரம் நினைவுகள்மேலும், எதிர்பார்ப்புகள்மேலும் தனித்தனியாக வைத்திருக்கிறோம். ராத்திரி ஒன்பது மணி என்பதில் கொஞ்சம். செம்பில் கொஞ்சம். சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தத்தில் கொஞ்சம். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற விரலில் கொஞ்சம். ‘அடுத்த வருஷம் கிணத்தைத் தூர் வாரணும்’ என்று பேசிவைத்த பேச்சில் கொஞ்சம். ஆள் இல்லை என்ற செய்தி ஒன்றுதான். ஆனால் அது இந்த ஒவ்வொரு இடத்துக்கும் தனியாகப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு நினைவும் முதலில் முழு வேகத்தோடு எழும்பும், அப்போது அதன்மேல் மனவைப்பு இன்னும் கூடும். அந்த நேரத்தில் ‘இல்லை’ என்பது அங்கே வந்து மோதும். அதன் பிறகுதான் அந்த ஓர் இடத்தில் வைத்தது மட்டும் கழன்று வரும். அடுத்தது இன்னொரு நாள்.

வெந்நீர் வைத்த ராத்திரியில் நடந்தது இதுதான். ஆச்சிக்குப் பித்துப் பிடிக்கவில்லை, பிடிவாதமும் இல்லை. தாத்தா இறந்த செய்தி பதினாறு நாளில் எத்தனையோ இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்பது மணிக்கு அன்றைக்குத்தான் வந்தது.

துக்கத்தில் இருப்பவர்கள் வெளியுலகத்தில் அக்கறை இல்லாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். வேலை உள்ளே நடக்கிறது, தண்ணீரெல்லாம் அங்கே போகிறது. பிராய்ட் இதற்குத் ‘துக்க வேலை’ என்றே பெயர் வைத்தார். அது ஏன் இவ்வளவு வலிக்க வேண்டும் என்பதை ஆற்றல் கணக்கை மட்டும் வைத்து விளக்குவது எளிதில்லை என்றும் அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும்.

நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டிருக்கிறீர்களா? ‘என்னை விட்டுப் போனீரே’ என்று பொதுவாக அழுதுவிட்டு நிறுத்துவதில்லை. வாங்கிவந்த சேலையின் கரை, வைத்த தென்னம்பிள்ளை, கைபிடித்து ஏற்றிவிட்ட படி, வராமல் போன பண்டிகை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனியாக அழுவார்கள். சின்ன வயதில் எனக்கு அது பயமாக இருக்கும், எதற்கு இப்படிக் கிளறுகிறார்கள் என்று தோன்றும். பிராய்டைப் படித்த பிறகுதான் அந்தப் பெண்கள் செய்தது எவ்வளவு நுட்பமான வேலை என்று புரிந்தது. நினைவை எழுப்புவது, அதன்மேல் முழு மனதையும் வைப்பது, இல்லை என்று சொல்லுவது. தனியாகச் செய்ய வேண்டியதை நாலு பேர் தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து செய்தார்கள். முதல் தீபாவளி, முதல் பொங்கல் கொண்டாடாமல் ஒரு வருஷம் ஒதுக்கிவைப்பதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்த ஆள் இல்லாமல் ஒருமுறையாவது வந்துபோக வேண்டும்.

பக்கத்து வீட்டு அத்தை சொன்னதில் சரியான பாதி, மனது வைக்கப்படுவது, எடுக்கப்படுவது, வேறிடத்தில் வைக்கப்படுவது என்பது. தவறான பாதி, அதைப் பதினாறாம் நாள் ராத்திரி ஒரே தூக்காகத் தூக்கி வைத்துவிடலாம் என்பது. துக்க வீட்டில் “மறந்துரு” என்று சொல்லாதீர்கள். அது கீழ்ப்படிய முடியாத உத்தரவு. “அன்னைக்கு அவிய என்ன சொன்னாவ?” என்று கேளுங்கள். சொல்லட்டும். அழட்டும்.

எடுக்க முடியாமல் போவது

சிலருக்கு இந்த வேலை நடப்பதே இல்லை. மனவைப்பு இறந்தவரிடமிருந்தோ பிரிந்தவரிடமிருந்தோ கழன்று இன்னொருவரிடம் போகாமல், தனக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. போனவரைத் தனக்குள் தூக்கிவைத்துக்கொண்டு, அவர்மேல் இருந்த கோபத்தையெல்லாம் தன்மேலேயே கொட்டுகிறார்கள். “நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவ, இருந்து என்ன” என்று ஓயாமல் சொல்கிற பேச்சைப் பொறுமையாகக் கேட்டால், அந்த வசவில் பாதி விட்டுப்போன ஆளுக்குப் பொருந்தும் என்பதைப் பிராய்ட் கவனித்தார். அந்த ஆளின் நிழல் இவர்மேல் விழுந்துவிட்டது என்றார்.

இது சாதாரணத் துக்கம் இல்லை. சாப்பாடு, தூக்கம் நின்று, செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் கட்டுரை படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையைக் கட்டணமில்லாமல் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

இது நிஜமான ஆற்றலா?

இல்லை. மீட்டர் வைத்து அளக்க முடிந்த ஒன்றில்லை. பிராய்ட் படித்த காலத்தில் ஆற்றல் அழியாது, உருவம்தான் மாறும் என்ற இயற்பியல் விதி மருத்துவர்கள் நடுவில் பெரிய உற்சாகத்தைக் கிளப்பியிருந்தது. அந்தத் தாக்கத்தில் 1895இல் நரம்பணுக்களில் ஏறி இறங்குகிற ஓர் அளவாகவே இதை வரைந்துபார்த்தார். அதை அவர் வெளியிடவில்லை, அவர் இறந்த பிறகு 1950இல்தான் அச்சில் வந்தது. நரம்பைக் கைவிட்டார், அளவு என்ற எண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

இன்றைய மூளை அறிவியல் மன ஆற்றல் என்று ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. தாய் பிள்ளைப் பிணைப்பை ஆராய்ந்த ஜான் பவுல்பி, உளப்பகுப்பாய்வில் வளர்ந்தவராக இருந்தும், இந்த ஆற்றல் கணக்கு தேவையில்லை என்று ஒதுக்கினார். அது நியாயமான விமர்சனம். மனவைப்பு ஒரு வரைபடம். ஊர் வரைபடத்தில் தாமிரபரணி நீலக்கோடாக இருக்கும், அதில் கால் நனையாது. ஆனால் எந்த மடை எங்கே போகிறது என்று பார்க்க அது உதவும். வாட்ஸப்பில் வருகிற ‘பாசிட்டிவ் எனர்ஜி’, ‘வைப்ரேஷன்’ பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே ஆற்றல் என்பது ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குக் காற்றில் பாய்கிற ஏதோ ஒன்று. இங்கே அது என் மனதுக்குள்ளேயே, என் நினைவுகளின் நடுவில் நடக்கிற பங்கீடு.

பிராய்ட் தன்னைத் திருத்திக்கொண்டது

துக்க வேலை முடிந்தால் மனது விடுபட்டு, புதிய இலக்கைத் தேடிப் போகும் என்று 1917இல் எழுதியவரின் மகள் சோஃபி, 1920 ஜனவரியில் இன்ஃப்ளுயன்சாவில் இறந்துபோனாள். இருபத்தாறு வயது. 1929 ஏப்ரலில், மகனைப் பறிகொடுத்த லுட்விக் பின்ஸ்வாங்கர் என்ற நண்பருக்குப் பிராய்ட் ஒரு கடிதம் எழுதினார். சோஃபி இருந்திருந்தால் அன்றைக்கு முப்பத்தாறு வயது. கடுமையான துக்கம் அடங்கும், ஆனால் ஆறுதல் வராது, அந்த இடத்துக்கு ஈடாக எதுவும் வராது, வேறு ஏதாவது வந்து நிரப்பினாலும் அது வேறாகவே இருக்கும் என்று அதில் சொல்கிறார். அப்படி இருப்பதுதான் சரி என்றும், விட மனமில்லாத அன்பைத் தொடர அது ஒன்றே வழி என்றும் எழுதுகிறார்.

கோட்பாட்டில் எழுதியது ஒன்று, ஒன்பது வருஷம் சுமந்த பிறகு எழுதியது ஒன்று. எனக்கு இரண்டும் வேண்டும். எடுக்கத்தான் செய்கிறோம், முழுசாக எடுப்பதில்லை.

தாத்தா போய் மூன்று பிசானம் முடிந்துவிட்டது. ராத்தண்ணிக்கு இப்போது மாமா போகிறார். ஒன்பது மணிக்கு ஆச்சி வெந்நீர் வைக்கிறாள். மாமா மம்பட்டியைத் திண்ணையில் சாத்திவிட்டு, தொட்டியடியில் நின்று கால் கழுவுகிறார். “சேறு கணுக்கால்ல இருக்கு பாரு, நல்லாத் தேய்யில” என்று பக்கத்தில் நின்று சொல்கிறாள். அவருக்குக் கொடுப்பது ஒரு பிளாஸ்டிக் மக்கு. பித்தளைச் செம்பு புளி போட்டு விளக்கி, அடுக்களை மாடத்தில் இருக்கிறது. அதை யாரும் எடுப்பதில்லை.